பழைய ஹவுசிங் போர்டை இடிச்சுட்டு தரை + 9 கட்டப் போறாங்க. வரைபடத்துல என்ன பார்க்கணும், என்ன கேட்கணும்?

செல்வி_பிளாக்7:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க வடசென்னையில 70கள்ல கட்டின போர்டு வீட்ல மூணு தலைமுறையா இருக்கோம். தரை + 3. ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, தாழ்வாரக் கடைசியில கக்கூஸ். எல்லாம் சேர்த்து 230 சதுர அடி வந்தா அதிகம். தாழ்வாரத்து சிலாப்ல காரை பேர்ந்து கம்பி தெரியுது. மழைக்காலத்துல அதுக்கு அடியில யாரும் உட்கார மாட்டோம்.

இப்ப இடிச்சுட்டு புதுசா கட்டப் போறாங்க. போன வாரம் கூட்டம் போட்டு சுவத்துல வரைபடம் ஒட்டி "கருத்து சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. வீடு 400 சதுர அடி, உள்ளேயே பாத்ரூம். நல்ல விஷயம்தான். எங்க ஆளுங்க கேட்டது டைல்ஸ் என்ன கலரு, சமையல் மேடை கருங்கல்லா கடப்பாவா, பீரோ வைக்க இடம் இருக்குமா. அதுவும் கேட்க வேண்டியதுதான், ஆனா அதோட கூட்டம் முடிஞ்சிருச்சு. நான் சங்கத்துல பொருளாளர். எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. அடுத்த கூட்டம் வர்றதுக்குள்ள உருப்படியா நாலு கேள்வி வேணும். கட்டிட வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_ஜேஇ:
அம்மா, முதல்ல ரெண்டு எண் சொல்லுங்க. நிலம் எவ்வளவு? இப்ப எத்தனை வீடு, புதுசுல எத்தனை வீடு? இது தெரியாம டைல்ஸ் பத்திப் பேசி லாபமில்லை.

கொத்துக்கரண்டி:
ஜேஇ சார் சொன்னது சரி. அதோட இன்னொண்ணு. உங்க இடம் கடல்ல இருந்து எவ்வளவு தூரம்? கிட்டத்துல இருந்தா காங்கிரீட் கிரேடும் (அதோட பலம்) கம்பியை மூடுற காங்கிரீட் கனமும், அதாவது கவரும்தான் முதல் கேள்வி. நான் திருவொற்றியூர், காசிமேடு பக்கம் வேலை பார்த்திருக்கேன். உப்புக்காத்து பட்டா கம்பி துருப்பிடிச்சு ஊதும், ஊதினா காங்கிரீட்டைப் பிளக்கும். நீங்க சொல்ற தாழ்வாரம் அந்தக் கதைதான்.

செல்வி_பிளாக்7:
நிலம் ஒண்ணேகால் ஏக்கர்னு சொன்னாங்க. இப்ப 7 பிளாக், பிளாக்குக்கு 24 வீடு, மொத்தம் 168. புது வரைபடத்துல 340ன்னு போட்டிருக்கு. கடல் நடந்து போற தூரம்தான் அண்ணா.

பழைய_ஜேஇ:
அப்ப கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒண்ணேகால் ஏக்கர்னா 54,450 சதுர அடி. 400 சதுர அடி வீட்டுக்கு படி, தாழ்வாரம், சுவர்ப் பங்கு எல்லாம் சேர்த்தா 500ன்னு வெச்சுக்குவோம்.

உங்க 168 குடும்பத்துக்கு மட்டும்னா தரை + 4 போதும். தளத்துக்கு 34 வீடு, 17,000 சதுர அடி, நிலத்துல மூணுல ஒரு பங்கு கூட போகாது. கல்யாணம் ஆகி அதே ஒத்தை ரூம்ல திரை கட்டி வாழற பையன்களுக்கும் சேர்த்து 217 வீடு கட்டினாலும் அதே அஞ்சு தளத்துல 40 சதவீத நிலத்துக்குள்ள அடங்கும். எஃப்எஸ்ஐ 2. அதாவது நிலத்தைப் போல ரெண்டு மடங்கு கட்டுமானம். 2019 கட்டட விதிகள்படி உயரக் கட்டடம் அல்லாததுக்கு சாதாரணமா அனுமதிக்கிற அளவு இதுதான்.

340 வேணும்னா எஃப்எஸ்ஐ 3.1 ஆயிடுது. 18.30 மீட்டருக்கு மேல போனா அது உயரக் கட்டடம். சாலை அகலம் ஒத்துவந்தா 3.25 வரைக்கும் கிடைக்கும். அதனாலதான் தரை + 9. உயரம் போனா கூடுதல் எஃப்எஸ்ஐன்னு விதியே ஏணி வெச்சுக் கொடுக்குது. ஏறினா என்ன ஆகும்னா, நாலு பக்கமும் 7 மீட்டர் விடணும், தீயணைப்புத் துறை தடையின்மைச் சான்று வாங்கணும், லிஃப்ட் ஓடணும், அதுக்கு ஜெனரேட்டர் வேணும். கட்டும்போது ஆகிற செலவு அரசாங்கத்தோடது. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் உங்களோடது.

ஆக முதல் கேள்வி: மீதி 172 வீடு யாருக்கு?

வரிகட்டுபவன்:
யாருக்குக் கொடுத்தா என்ன, பாதிப் பேர் வாடகைக்கு விட்டுட்டு மறுபடி கால்வாய் ஓரம் குடிசை போடப் போறாங்க. நாங்க 30 வருஷம் ஈஎம்ஐ கட்டி 600 சதுர அடி வாங்கறோம். இங்க இலவசமா கொடுத்தா டைல்ஸ் கலர் கேக்கறாங்க.

ஏழாவது_மாடி:
@வரிகட்டுபவன் வாடகைக்கு விட்டுட்டு ஏன் போறாங்கன்னு ஒரு நாள் யோசிச்சிருக்கீங்களா சார்? நான் அந்த மாதிரி ஒரு மறுகுடியமர்வு குடியிருப்புல இருக்கேன், நகரத்துக்குத் தெற்கு ஓரத்துல. ஊர் பேர் வேணாம். எங்கம்மா மயிலாப்பூர்ல அஞ்சு வீட்ல பாத்திரம் தேய்ச்சாங்க. இங்க வந்ததும் முதல் மாசத்துலயே மூணு வீடு போச்சு. காலைல 6 மணிக்கு அங்க இருக்கணும்னா 4 மணிக்கு பஸ் ஸ்டாப்புல நிக்கணும். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இலவசம் ஆனது 2021ல. அதுக்கு முன்னாடி பஸ்ஸுக்குக் கொடுத்தது போக கையில நின்னது சொற்பம். எங்க பக்கத்து வீட்டு அண்ணன் மீன் ஏலம் எடுக்கிறவர். ராத்திரி ரெண்டு மணிக்கு காசிமேட்டுல இருக்கணும். அவர் வாடகைக்கு விட்டுட்டுத்தான் போனார். வேற என்ன பண்ணுவார்?

செல்வி அக்கா, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த 172 வீடு உங்க இடத்துல வரலைன்னா அந்த 172 குடும்பமும் எங்க பக்கம்தான் வரும். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம், அடையாறு ஓரத்துல இருந்தவங்களை லாரியில ஏத்திக்கிட்டு வந்தாங்க. பள்ளிக்கூட வருஷத்துக்கு நடுவுல பிள்ளைங்களைத் தூக்கிட்டு வந்தவங்களும் உண்டு. அதனால "எங்களுக்கு மட்டும் கட்டுங்க"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி யோசிங்க.

செல்வி_பிளாக்7:
தம்பி, கோவம் எல்லாம் இல்ல. நான் அந்த மாதிரி யோசிக்கவே இல்ல. 340ஐப் பார்த்ததும் "நம்ம இடத்துல யாரையோ கொண்டு வந்து அடைக்கிறாங்க"ன்னுதான் எங்க ஆளுங்க எல்லாருக்கும் தோணுச்சு.

மேற்கு_முகப்பேர்:
ஒரு பழைய கதை இங்க சேர்த்து வைக்கிறேன், நீளம்தான்.

குடிசை மாற்று வாரியம் 1970ல ஆரம்பிச்சப்ப சென்னையில இருக்கிற குடிசை எல்லாத்தையும் ஏழே வருஷத்துல மாடி வீடா மாத்திடறதுன்னு திட்டம். அப்ப கட்டினவைதான் செல்வி இருக்கிற மாதிரி பிளாக்குகள். அந்த வேகத்துல பணமும் நிலமும் கிடைக்கல. 1977ல உலக வங்கிக் கடனோட வேற வழிக்கு வந்தாங்க. இருக்கிற இடத்துலயே பட்டா கொடுத்து தண்ணி, சாக்கடை, விளக்கு போடறது ஒண்ணு. மனையும் அடிப்படை வசதியும் மட்டும் கொடுத்து வீட்டை நீயே கட்டிக்கோன்னு விடறது இன்னொண்ணு. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்ல முதல்ல வந்துச்சு, அப்புறம் முகப்பேர்.

எங்கப்பா பேருக்கு ஒதுக்கீடு வந்தப்ப இருந்தது ஒரு சின்ன மனை, மூலையில ஒரு கக்கூஸ். அவ்வளவுதான். நாங்க முதல்ல கீத்துக் கொட்டகை போட்டோம். அப்பாவுக்கு பிஎஃப் கடன் கிடைச்சப்ப முன்பக்கம் செங்கல் சுவர். அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி தளம். நான் வேலைக்குப் போனப்புறம் மாடி. இப்ப கீழ் போர்ஷன் வாடகை, அதுதான் அம்மாவுக்கு மருந்துச் செலவு. யாரும் எங்களுக்கு "400 சதுர அடி"ன்னு வரைஞ்சு கொடுக்கல.

அந்தத் திட்டத்துல கெட்டிக்காரத்தனம் எங்க இருந்துச்சுன்னா, எல்லா மனையும் ஒரே அளவு இல்ல. பெரிய ரோட்டு மேல இருக்கிற பெரிய மனை, கடை மனை எல்லாம் சந்தை விலைக்கு வித்தாங்க. அந்த லாபம் உள்தெருவுல இருக்கிற சின்ன மனைக்குக் கைகொடுத்துச்சு. அதனால டாக்டரும் தறி ஓட்டுறவரும் ஒரே வார்டுல. பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் வந்தது அந்தக் கலப்பாலதான்னு நான் நினைக்கிறேன். ஆரம்பத்துல சரியா ஆள் குடியேறலைன்னு உலக வங்கிக்காரங்களே சலிச்சுக்கிட்டாங்க. 20 வருஷம் கழிச்சு சென்னை, மும்பை ரெண்டையும் திரும்பப் போய்ப் பார்த்து, "தோல்வின்னு நினைச்சது ஜெயிச்சிருக்கே"ன்னு 2018ல ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாங்க.

இந்தூர்ல பி.வி. தோஷி வடிவமைச்ச ஆரண்யாவும் இதே யோசனைதான், 6,500 மனை. 1995ல ஆகா கான் விருது வாங்கிச்சு. ஆனா அதைப் புகழறவங்க நம்ம வில்லிவாக்கத்தைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டாங்க. நம்மூரு விஷயத்துக்கு விருது கிடைக்கலைன்னா நம்மளே மறந்துடறோம்.

பழைய_ஜேஇ:
முகப்பேர் தம்பி சொன்னது அத்தனையும் சரி. அந்த மாதிரி மனை கொடுக்க இனி நகரத்துக்குள்ள எங்க நிலம் இருக்கு? 1980ல முகப்பேர் ஊருக்கு வெளியே. இன்னைக்கு அதே மாதிரி கொடுக்கணும்னா செங்கல்பட்டு தாண்டணும். அப்ப ஏழாவது மாடி தம்பியோட பஸ் கதைதான் திரும்பும். செல்வியோட ஒண்ணேகால் ஏக்கருக்கு இது பதில் ஆகாது.

மேற்கு_முகப்பேர்:
ஆகாது சார், ஒத்துக்கறேன். ஆனா அதுல இருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வீடு குடும்பத்தோட சேர்ந்து வளரணும். அடுக்குமாடியிலும் அதுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். உள்சுவர் எல்லாத்தையும் காங்கிரீட்ல வார்த்து வைக்காம, குடும்பம் நகர்த்திக்கிற மாதிரி விடலாம். மேல லாஃப்ட் போட்டுக்க உயரம் விடலாம்.

கொத்துக்கரண்டி:
அங்கதான் இடிக்குது. இப்ப வேகமா முடிக்கணும்னு மைவான்னு சொல்ற அலுமினிய ஷட்டர் போட்டு சுவரும் சிலாப்பும் ஒண்ணா வார்க்கிறாங்க. வேலை சீக்கிரம் முடியும், பூச்சு வேலை மிச்சம், கை சுத்தம். நானும் பண்ணியிருக்கேன். ஆனா அதுல ஒரு ஆணி அடிக்க முடியாது. சாமி படம் மாட்ட டிரில் மிஷின் வேணும். சுவரே பாரம் தாங்குறது, அதனால ஒரு ஜன்னலைப் பெருசு பண்ண முடியாது. வெயில் காலத்துல ராத்திரி 11 மணிக்குக் கையை வெச்சா சுவர் சுடும். செங்கல் சுவர் அவ்வளவு மோசமில்ல.

செல்விம்மா, "உள்சுவர் என்ன பொருள், பாரம் தாங்குற சுவரா, வெறும் தடுப்புச் சுவரா"ன்னு கேளுங்க. தூணும் உத்திரமும் வேற, இடையில சாம்பல் கல்லு இல்லன்னா எடை குறைஞ்ச ஏஏசி பிளாக்குன்னு சொன்னா பின்னாடி மாத்திக்கலாம்.

கடலோரத்துக்கு இந்தியக் காங்கிரீட் தரநிலை ஐஎஸ் 456ன்படி எம்30 கிரேடு காங்கிரீட், கவர் 45 மில்லிமீட்டர். டெண்டர்ல அது இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க. வார்க்கிற அன்னைக்கு கம்பிக்கு அடியில கவர் பிளாக் வெச்சிருக்காங்களான்னு போய்ப் பாருங்க. ஜல்லியை எடுத்து முட்டுக் கொடுத்திருந்தா சண்டை போடுங்க.

ஓட்டுவீடு:
நான் திருவனந்தபுரத்துல கட்டடக்கலை படிச்சவன், இப்ப நாகர்கோவில். குறைஞ்ச செலவு வீடுகளுக்குப் பேர் போன கட்டடக்கலைஞர் லாரி பேக்கரோட வழி பத்தி இங்க யாரும் பேசலையேன்னு வந்தேன். திருவனந்தபுரத்துல செங்கல்சூளைங்கிற குடிசைப் பகுதியில, தலைமைச் செயலகத்துக்குக் கூப்பிடு தூரத்துல, அங்க இருந்த மக்களுக்கு அதே இடத்துல அவர் கட்டிக் கொடுத்தார். பின்னால காஸ்ட்ஃபோர்ட் அமைப்புக்காரங்க கரிமடம் காலனியிலயும் அந்த வழியில, ஊரை விட்டுக் கிளப்பாம கட்டம் கட்டமா கட்டினாங்க. செங்கல்லைக் குத்துக்கல்லா நிறுத்தி நடுவுல வெற்றிடம் விட்டுக் கட்டுற ராட் ட்ராப் (எலிப்பொறி) சுவர்ல 25 சதவீதம் வரைக்கும் செங்கல் மிச்சம். அந்த வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். சிலாப்ல கம்பிக்கு நடுவுல பழைய மங்களூர் ஓடு வெச்சு வார்த்தா காங்கிரீட் குறையும். ஜன்னலுக்குப் பதிலா செங்கல் சாளரம்.

கொத்துக்கரண்டி:
சார், கேக்கவே நல்லா இருக்கு. ஆனா 340 வீட்டுக்கு ராட் ட்ராப் கட்டத் தெரிஞ்ச மேஸ்திரி எத்தனை பேர் கிடைப்பான்? எங்க சைட்ல பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பசங்க. கட்டுறதுல தப்பு பண்ணா நடுவுல கலவை அடைச்சுக்கும், அப்புறம் வெற்றிடமும் இல்ல, மிச்சமும் இல்ல. பத்து மாடியில அது பாரம் தாங்கவும் முடியாது, தடுப்புச் சுவராத்தான் வரும். அதோட மழைச்சாரல் அடிக்கிற கிழக்குப் பக்கம் சாளரம் வெச்சா டிசம்பர்ல பாய் நனையும்.

ஓட்டுவீடு:
மூணு மாடிக்குள்ள இருந்தா எல்லாம் முடியும் என்பதுதான் என் வாதமே. உயரம் ஏற ஏறப் பொருள் தேர்வு நம்ம கையை விட்டுப் போகுது. சிமெண்ட்டும் கம்பியும் அலுமினிய ஷட்டரும் வெச்சிருக்கிற பெரிய ஒப்பந்ததாரர்கிட்டத்தான் போய் நிக்கணும். சூழல் பாதுகாப்புன்னு மொட்டை மாடியில நாலு சோலார் தட்டு வெச்சு போட்டோ எடுத்தா ஆச்சா?

ஏழாவது_மாடி:
பொருளைப் பத்தி நீங்க பேசிக்கிட்டு இருங்க. நான் வேற ஒண்ணு சொல்லணும்.

போன வருஷம் எங்க மாடியில ஒரு பெரியவர் தவறிட்டார். ஐஸ் பாக்ஸ் கொண்டு வந்தாங்க. லிஃப்ட்டுக்குள்ள நுழையல. சாய்ச்சுப் பார்த்தாங்க, கதவு மூடல. படியில தூக்கிட்டு வந்தா திருப்பத்துல திரும்பல, கைப்பிடிச் சுவர்ல இடிச்சுக்கிட்டு நிக்குது. ஏழு மாடி. கடைசியில பெட்டியைக் கீழயே வெச்சுட்டு, அவரை நாற்காலியில உட்கார வெச்சுக் கட்டி, நாலு பேர் இறக்கினாங்க. அவர் சம்சாரம் பின்னாடியே படியில இறங்கி வந்தாங்க. கீழ வந்தா பெட்டி வைக்க இடமில்லை, பைக் நிக்கிற இடத்தைக் காலி பண்ணி வெச்சோம். மோளம் அடிக்க, பந்தல் போட, வர்றவங்க உட்கார எதுக்கும் இடம் கிடையாது.

வரைபடம் போட்டவருக்கு இது தெரியாது. அவர் வீட்ல யாராவது செத்தா ஆஸ்பத்திரியில இருந்து நேரா மயானம். நம்ம வீட்ல அப்படி இல்ல. அக்கா, லிஃப்ட் உள்ளே எத்தனை அடி ஆழம்னு கேளுங்க. கீழ ஒரு கூடம் கேளுங்க, சாவுக்கும் சடங்குக்கும் நிச்சயதார்த்தத்துக்கும்.

பழைய_ஜேஇ:
இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழையை அச்செடுத்து ஒவ்வொரு வரைபட மேசையிலும் வைக்கலாம்.

கொழும்பான்:
வணக்கம். நான் கொழும்பில இருந்து எழுதுறன், வாசிச்சுக்கொண்டே இருந்தனான். எங்கட இடத்திலயும் இதே கதை நடந்தது. 1984இல, அப்ப பிரதமரா இருந்த பிரேமதாச பத்து லட்சம் வீட்டுத் திட்டம் எண்டு தொடங்கினவர். அரசாங்கம் வீடு கட்டித் தாறேல்ல, சின்னக் கடன் குடுத்து சனத்தையே கட்ட விட்டது. கொழும்பில தோட்டங்கள் எண்டு சொல்லுற குடிசைப் பகுதியளுக்குள்ள 2 பேர்ச் காணித் துண்டுக்கும் சட்டத்தைத் தளர்த்தி அனுமதி குடுத்தவை. 50 சதுர மீட்டர்தான். வாய்க்கால், கிணறு, கழிப்பறை வேலையளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் குடுக்காமல் அங்க இருக்கிற சனசமூகத்துக்கே ஒப்பந்தமாக் குடுத்தவை. தன்ர வாசலில போடுற வாய்க்காலில ஆரும் சீமெந்து களவெடுக்க மாட்டினம்தானே.

பிறகு 2001இல வனாத்தமுல்லையில சஹஸ்புர எண்டு பெரிய தொடர்மாடி வந்தது, 600க்கு மேல வீடுகள். அதுக்குப் பிறகு காணியை விடுவிக்கிறதுக்காக இன்னும் உயரமாக் கட்டி ஆயிரக்கணக்கில சனத்தை ஏத்தினவை. எங்கட மாமி ஒரு தொடர்மாடியில பதினோராம் மாடியில இருக்கிறா. முந்தி வாசலில இடியப்பம் அவிச்சு வித்தவா. காலமை ஆறு மணிக்கு இடியப்பம் வாங்க பதினோராம் மாடிக்கு ஆர் ஏறி வருவினம்? அந்த வருமானம் நிண்டு போச்சு. ஆனா பராமரிப்புக் காசு மாதாமாதம் கட்ட வேணும். செல்வி அக்கா, கீழ்த்தளத்தை முழுக்க வாகனத்துக்கு விட்டிடாதேங்கோ.

செல்வி_பிளாக்7:
எங்க பிளாக்குல மட்டும் இட்லிக் கடை ரெண்டு, இஸ்திரி வண்டி ஒண்ணு, பூ கட்டுறவங்க எட்டு வீடு, தையல் மிஷின் நாலு வீடு. ஆட்டோ 11. இதையெல்லாம் இப்பத்தான் எண்ணிப் பார்க்கிறேன். வரைபடத்துல கீழ்த்தளம் முழுக்க "ஸ்டில்ட் பார்க்கிங்"னு இருக்கு. எங்கள்ல கார் வெச்சிருக்கிறவங்க யாரும் கிடையாது!

வரிகட்டுபவன்:
பராமரிப்புக் காசு பத்தி ஒருத்தர் சொன்னாரே, அதைப் பேசுங்க. கட்டிக் கொடுத்தப்புறம் மாசம் 500 ரூபா கூட வசூல் ஆகாது, அஞ்சே வருஷத்துல மறுபடி இடிஞ்சு நிக்கும். அதுக்கும் எங்க வரிப்பணம்.

பழைய_ஜேஇ:
@வரிகட்டுபவன் இதுவரைக்கும் நீங்க போட்டதுல இதுதான் உருப்படியான கேள்வி. பதில் சொல்றேன்.

தண்ணி மோட்டார் 5 எச்பின்னு வைங்க. 3.7 கிலோவாட். தினம் நாலு மணி நேரம் ஓடினா மாசம் 450 யூனிட் கிட்ட வரும். அடுக்ககப் பொது இணைப்புக்கு 2022 செப்டம்பர்ல தனி வீதம் கொண்டு வந்து யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினாங்க. எதிர்ப்பு வந்ததும் 2023ல 10 வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு மட்டும் 5.50க்குக் குறைச்சாங்க. அந்த 8 ரூபாயை வெச்சுப் பார்த்தா மோட்டாருக்கு மாசம் 3,600. நூறு வீட்டுக்குப் பிரிச்சா தலைக்கு 36 ரூபாய். இது யாரையும் கொல்லாது.

கொல்றது லிஃப்ட். கரண்டுகூட இல்ல, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் பெரிய ரிப்பேரும். ஒரு போர்டு எரிஞ்சா ஒரே அடியா பெரிய தொகை வரும். அன்னைக்கு சங்கத்துல பணம் இல்லைன்னா லிஃப்ட் நிக்கும். லிஃப்ட் நின்னா மேல் மாடிக்காரர் "எதுக்குக் கட்டணும்"னு நிறுத்துவார். கீழ் மாடிக்காரர் "நான்தான் ஏறவே இல்லையே"ன்னு ஏற்கெனவே நிறுத்தியிருப்பார். இது ஒழுங்கீனம் இல்ல, கட்டட உயரத்துலயே எழுதி வெச்ச சண்டை. தரை + 4ல இந்தச் சண்டைக்கே இடமில்ல. மேல் தொட்டி, மோட்டார், படிக்கட்டு விளக்கு, கக்கூஸ் குழாய் அடைப்பு. நூறு இருநூறுல முடிஞ்சிடும்.

"நம் குடியிருப்பு நம் பொறுப்பு"ன்னு வாரியம் ஒரு திட்டம் வெச்சிருக்கு. சங்கம் பதிவு பண்ணி வசூல் பண்ற தொகைக்கு ஈடா வாரியமும் போடும். செல்வி, உங்க சங்கம் பதிவு ஆகலைன்னா இப்பவே ஆகட்டும். கட்டி முடிச்சப்புறம்னு விடாதீங்க.

தரம் பத்தி: 2021ல புளியந்தோப்பு கே.பி. பூங்காவுல கையால தேய்ச்சா பூச்சு கொட்டினதை ஊரே டிவியில பார்த்துச்சு, ஐஐடியை வெச்சு ஆய்வு பண்ண வேண்டி வந்துச்சு. அதே வருஷம் டிசம்பர் 27 திருவொற்றியூர்ல 24 வீட்டு பிளாக் அப்படியே சரிஞ்சது. 1993ல கட்டினது, முப்பது வருஷம்கூட ஆகல. விரிசலைப் பார்த்து ஜனங்க முன்னாடியே வெளிய வந்ததால உயிர் தப்பிச்சாங்க. உங்க தாழ்வாரத்தையும் லேசா எடுத்துக்காதீங்க.

ஏழாவது_மாடி:
@பழைய_ஜேஇ எல்லாம் சரி சார். அப்ப தரை + 4 கேட்கணும்னா 172 குடும்பம் எங்க போகும்? அதுக்குப் பதில் வரல.

பழைய_ஜேஇ:
நேரா கேட்டுட்டீங்க. நேராவே சொல்றேன். முழுப் பதில் என்கிட்ட இல்ல, ஒரு நடுவழி இருக்கு. 18.30 மீட்டருக்குள்ள ஆறு தளம் போடலாம். நிலத்துல 45 சதவீதம் கட்டினா தளத்துக்கு 49 வீடு, மொத்தம் 294. கீழ் தளத்துல கொஞ்சம் கடைக்கும் கூடத்துக்கும் விட்டா 280. எஃப்எஸ்ஐ 2.7 வருது, விதிப்படி உயரமில்லாத கட்டடத்துக்கு அது சாதாரணமா கிடைக்காது. ஆனா கட்டுறது அரசாங்கம், விதியும் அரசாங்கத்தோடது. ஏழை வீட்டுக்குன்னு தனித் தளர்வு கேட்கிறது நியாயமான கோரிக்கை. கொழும்புல 2 பேர்ச்சுக்குத் தளர்த்தினாங்கன்னு நண்பர் சொன்னாரே, அதே மாதிரி. 60 வீடு குறையும். அதுக்கு வடசென்னையிலயே சும்மா கிடக்கிற பொது நிலத்தைத் தேடச் சொல்லணும். கேட்டாத்தான் தேடுவாங்க.

ஆறு தளம்னா லிஃப்ட் வேணும்தான், வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். ஆனா நின்னுபோனா ஒரு நாள் படியில ஏறிச் சமாளிக்கலாம். பத்தாவது தளத்துக்கு முடியாது.

ஓட்டுவீடு:
ஆறு தளம்னா கட்டடங்களை முற்றம் மாதிரி வளைச்சு வைக்கலாம். தாழ்வாரம் ஒரு பக்கம் மட்டும் வீடு இருக்கிற மாதிரி இருக்கட்டும். ரெண்டு பக்கமும் வீடு வெச்சு நடுவுல இருட்டுத் தாழ்வாரம் விட்டா பகல்லயும் விளக்கு எரியணும், காத்து குறுக்கே போகாது. அந்த வெளித்தாழ்வாரம் 5 அடியாவது இருக்கட்டும், ஆளுங்க அங்கதான் வாழப் போறாங்க. மேல் தளத்துக்கு வெதரிங் கோர்ஸ் (வெயிலும் மழையும் இறங்காம போடுற அடுக்கு) போட்டு வெள்ளைத் தட்டை ஓடு பதிக்கச் சொல்லுங்க. கடைசி மாடிக்காரர் மே மாசத்துல உங்களை வாழ்த்துவார்.

கொத்துக்கரண்டி:
பாத்ரூம் குழாய் போற சந்து எத்தனை அடி அகலம்னு பாருங்க. ஆள் உள்ள நுழைஞ்சு ஸ்பேனர் திருப்ப முடியலைன்னா ஒரு லீக்குக்கு நாலு வீட்டு டைல்ஸை உடைக்கணும். மூணு அடி கேளுங்க. அதுக்கு ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு.

செல்வி_பிளாக்7:
நேத்து கூட்டம் முடிஞ்சது. சுருக்கமா சொல்றேன். "172 யாருக்கு"ன்னு கேட்டதும் அறையே அமைதி ஆயிடுச்சு. கால்வாய் ஓரத்துல நாலு இடத்துல இருந்து எடுக்கப் போறவங்களுக்குன்னு சொன்னாங்க. அதுல ஒரு இடம் எங்க தெருவுக்கு அடுத்த தெரு. எங்க ஆளுங்களுக்கே பாதிப் பேரைத் தெரியும்! வேணாம்னு சொன்னவங்க வாயை மூடிக்கிட்டாங்க. தரை + 5க்கு எழுத்துல மனு கொடுத்திருக்கோம். அது மேலிடத்து முடிவுன்னாங்க. கீழ்த்தளத்துல ஒரு பக்கம் கடைக்கும் கூடத்துக்கும் விடறதா வாய்ச்சொல். குழாய் சந்து ரெண்டடியில இருந்து மூணடி ஆக்கறோம்னு அங்கயே பென்சில்ல திருத்தினாங்க, அது ஒண்ணுதான் கண்ணால பார்த்தேன்.

கட்டி முடிக்கிற வரைக்கும் வெளிய தங்க 24 ஆயிரம். 8 ஆயிரமா இருந்ததைத்தான் இவ்வளவாக்கினாங்களாம். ஒண்ணரை வருஷம்னா மாசம் 1,333. எங்க பக்கம் ஒத்தை ரூம் 5 ஆயிரத்துக்குக் கீழ இல்ல. இதைப் பத்தித் தனியா இழை ஆரம்பிக்கிறேன்.

லிஃப்ட் ஆழம் கேட்டேன் தம்பி. அவங்க சொன்னது நாலரை அடி.

ஏழாவது_மாடி:
நாலரை பத்தாது அக்கா. உள்ளே ஏழடி எழுதிக் கொடுங்க. ஸ்ட்ரெச்சர் லிஃப்ட்னு கேட்டா அவங்களுக்குப் புரியும்.

பழைய_ஜேஇ:
ரெண்டு லிஃப்ட்ல ஒண்ணு மட்டும் அப்படி இருந்தாலே போதும், மொத்தச் செலவு பெருசா ஏறாது. லிஃப்ட் கிணத்துக்கு அஸ்திவாரத்துலயே அளவு விடணும். அதனால கம்பி கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி திருத்தின வரைபடத்தோட நகலைக் கையெழுத்தோட வாங்கிடுங்க. வாங்கினதும் இங்க போடுங்க, நானும் கொத்துக்கரண்டியும் பார்க்கிறோம்.